இரண்டாவது கியர்

ஒயில் வடிய ஒரு இரவு முழுக்க எடுத்தது.
காலையில் தட்டின் அடியில்
பித்தளைத் தூள், மினுமினுவென்று.
“இதுதான் உங்கட ரெண்டாவது கியர்” என்றான் நவ்பர்.

மாளிகாவத்தையில் ரயில் போனால்
மேசையில் வொஷர்கள் நடுங்கும்.
ஐம்பத்தாறாம் ஆண்டு மொறிஸ்.
மூடியைக் கழற்றி, தண்டை உருவி,
ஹப்பைத் துணிக்குள் பொத்தித்தான் தள்ளினோம்.
அப்படியும் ஒரு குண்டு
ஸ்பிரிங் உதைக்கப் பாய்ந்து
கானுக்குள் ணங் என்றது.
அவன் ஏசவில்லை.
காந்தத்தை நூலில் கட்டி இறக்கினான்:
வளைந்த ஆணி, சோடா மூடி,
பிறகு ஒரு குண்டு,
எங்களுடையதைவிடப் பெரிசு.

பின் பெயாரிங்குக்கு அடியில்
வளையமாக வெட்டிய தகரம்.
மண்ணெண்ணெயில் தேய்த்தேன்.
நீலம் வந்தது. பிறகு
ஒரு பசுவின் காது.
ஏதோவொரு தட்டுப்பாட்டுக் காலத்தில்
யாரோ பால்மா டின்னை நறுக்கி
அளவெடுத்துப் போட்டிருக்கிறார்.

பஞ்சிகாவத்தையில் வாங்கிய புது வொஷர்
மயிரளவு தடிப்புக் கூட.
தண்டு சுழல மாட்டேன் என்றது.
நவ்பர் என்னைப் பார்த்தான்,
நான் பசுவைப் பார்த்தேன்.

காதைத் துடைத்து
முன்பு இருந்த பக்கமாகவே வைத்தோம்.

குண்டுதான் இன்னும் கிடைக்கவில்லை.