காரணம்: பல்லி

கம்பெனியிலிருந்து வெளியே போகும் பொருட்களின் பதிவேட்டில்
எழுதியிருக்கிறேன்:
சூடு பார்க்கும் துப்பாக்கி, ஒன்று.
முனிரத்தினம், சி ஷிப்ட்.
காரணம் என்ற கட்டத்தில்: பல்லி.

வாட்ச்மேன் இரண்டு தரம் படித்தார்.
"சுடவா?"
"சுடாம இருக்க."

எங்கள் உலை தொள்ளாயிரத்து இருபது டிகிரி.
பத்து டிகிரி தவறினால் சைரன் கத்தும்,
ஒரு தட்டுப் பற்சக்கரம் கழிவுக்குப் போகும்,
என் பெயர் காலைக் கூட்டத்துக்குப் போகும்.
பன்னிரண்டு வருடம் அதன்முன் நின்றவனுக்கு
முப்பத்திரண்டு டிகிரி
தெரியாமல் போய்விட்டது.

திம்மராயன் வளர்த்தது.
புனேவுக்கு மாற்றல் வந்த அன்று
கண்ணாடித் தொட்டியையும் ஒரு டப்பா புழுவையும் விட்டுவிட்டு
"ரெண்டு வாரம் பாத்துக்கடா" என்றான்.
இது பதினோராவது மாதம்.
மஞ்சள் உடம்பில் ராகி தூவினாற்போல் புள்ளிகள்,
பெயரும் ராகி.
சுவர் ஏறாது. சகுனம் சொல்லாது.
இமை இருப்பதால் கண்ணை மூடிக்கொள்ளும்.
எங்கள் ட்யூப்லைட் பல்லிக்கு
அந்த வசதி இல்லை.

மார்கழியில் ஓசூர் மலை
எட்டு மணிவரை இருக்காது.
பாகலூர் ரோட்டில் லாரிகள்
விளக்கைப் போட்டுக்கொண்டு மெல்ல வரும்.
அறைக்குள் குளிர் தரைவழியாக ஏறும்.

தொட்டிக்கு அடியில் ஒரு மூலையில்
மூன்றில் ஒரு பங்குக்கு மின்சாரப் பாய்.
மிச்சம் இரண்டு பங்கை ஆற விடணும்,
எழுந்து போக இடமில்லாத சூடு அடுப்புடா
என்று போனில் சொல்லியிருந்தான்.
விட்டேன்.
ஆனால் பெட்டியில் எண் இருபத்து நாலைத் தாண்டவில்லை.
திருகினேன்.
மறுநாளும் இருபத்து நாலு.
இன்னும் திருகினேன்.

மூன்றாம் நாள்
தண்ணீர்க் கிண்ணத்தில் வயிற்றை வைத்துக் கிடந்தது.
அள்ளித் திருப்பினால்
எட்டணா அளவுக்குச் சிவப்பு.
கத்தவில்லை.

மத்திகிரி மாட்டு டாக்டர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு
"இதுக்கு நான் படிக்கலையேப்பா" என்றார்.
அப்புறம் களிம்பு கொடுத்தார்,
மாட்டு அளவில் ஒரு டியூப்.
கடுகளவு தடவச் சொன்னார்.

அதற்குத்தான் துப்பாக்கி.
சிவப்புப் புள்ளியை ஓட்டின்மேல் வைத்தேன்:
நாற்பத்தாறு.

சென்சார் வயர் பாயைவிட்டு நழுவி
எதிர் மூலையில், குளிரில்,
நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தது.
தனக்குக் குளிர்வதை
உண்மையாகவே சொல்லிக்கொண்டிருந்தது மூன்று நாளும்.
நான் அதை வயிற்றின் குரல் என்று
எடுத்துக்கொண்டேன்.

டேப் போட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.
சிலிக்கான் வைத்து ஓட்டுக்கடியில் ஒட்டி,
அது காயும்வரை ராகியை
என் மங்கி குல்லாவுக்குள் வைத்திருந்தேன்.
பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்தேன்.
முப்பத்தொன்பது. முப்பத்தைந்து.
இருபத்தொன்பதுக்கு விழுந்தது, மெல்லக் கூட்டினேன்.
இரண்டே முக்காலுக்கு முப்பத்திரண்டு.
அங்கேயே நின்றது.

கையில் துப்பாக்கி இருந்தால் சும்மா இருக்க முடியவில்லை.
ஜன்னல் பதின்மூன்று.
திம்மராயன் கட்டில் பதினைந்து.
என் பாதம் பத்தொன்பது.
ட்யூப்லைட் சோக் நாற்பத்தொன்று,
அதிலிருந்து நாலு விரற்கடை தள்ளி,
சுவர் முப்பத்திரண்டு.
மிகச்சரியாக அந்த இடத்தில்
வாடகை தராத அந்தப் பல்லி.

மூன்று மணி டீ இடைவேளையில் புனேயிலிருந்து போன்.
"சாப்டுச்சா?"
"ம்."
"சூடெல்லாம்?"
"எல்லாம் சரியாத்தான் இருக்கு, மொதல்ல இருந்தே."

மேலே சோக் பக்கத்தில் உச், உச், உச்.

"கேட்டுச்சாடா" என்று சிரித்தான்,
"பல்லியே சொல்லிடுச்சு."