கோணமலையில் அரைநாள்

கோட்டை வாசலில் வேகம் குறைத்து
"மீன் இருக்கு, வாசல் கல்லில, பாருங்கோ" என்றான்
வான் ஓட்டிவந்த மூதூர் நிஸ்தார்.
நான் கண்ணாடியை இறக்குவதற்குள்
ஆமிக்காரன் கையசைத்துவிட்டான்.
பார்த்தது அவன் துவக்கை மட்டும்.

மேலே செருப்புக் காவலுக்கு ஐம்பது ரூபா.
சுடுகல்லில் கால் மாற்றி மாற்றி நடந்து
இராவணன் வெட்டுக்குள் எட்டிப் பார்த்தோம்.
நீலம்; அதற்குக் கீழே இன்னும் நீலம்.
எங்களுக்கு முன்னால் நின்ற குருநாகல் கூட்டம்
ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து
சிரித்து, படமெடுத்து, விலகிற்று.

விளிம்பு மரத்தில்
யாரோ நேர்ந்து கட்டிய தொட்டில்கள்.
உள்ளங்கை அளவு.
காற்று எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் ஆட்டியது.
காலையிலிருந்து
கல்லையும் கடலையும் குரங்கையும் எடுத்த ரேணுகா
போனைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

தொட்டில் என்ன விலை என்று
கடைக்காரனிடம் மெல்லக் கேட்டேன்.
முந்நூறு.
அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

இறங்கும் வழியில் ஒரு மான்
அர்ச்சனைத் தட்டில் முகம் வைத்து
பழத்தைத் தோலோடு தின்றது.
வெற்றிலையையும்.
"சாமிக்குப் போய்ச் சேர்ந்திட்டுது" என்று
ரேணுகா சத்தமாகச் சிரித்தாள்.

வாசலில் வானை நிறுத்தச் சொன்னாள்.
நிறுத்தக்கூடாது என்ற ஆமிக்காரனுக்குத்
தெரிந்த சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு
கல்லருகே போய் நின்றாள்.
கோயில் இடிந்தபின் கோட்டை ஏறிய கல்.

திரும்பி வந்து
"ரெண்டு மீன்" என்றாள்,
"ரெண்டே ரெண்டு."
கையில் ஒட்டியிருந்த தூசியை
என் சட்டையில் துடைத்தாள்.