அறுபது வரை

ஆறு முறை விண்ணப்பித்து
ஏழாவது முறை குலுக்கலில் விழுந்த சீட்டு.
கவைக்கொம்பு மான், கிடா, ஒன்று.
வாய்வழி மருந்திடும் துப்பாக்கி மட்டும்.
தலையில் ஆரஞ்சுத் தொப்பி கட்டாயம்.
யாருக்கும் தெரியாமல் போக வேண்டியவள்
எல்லோருக்கும் தெரியும்படி போக வேண்டுமாம்.

வென்டல் வண்டியை விட்டு இறங்கவில்லை.
முழங்காலில் உலோகம் வைத்தவன்.
சூரியகாந்தி விதை கொறித்தபடி
"மேற்கே ஏழு பேர், ரோவீனா,
உன்னைப் பார்த்தாயிற்று" என்றான்.

பார்க்காமல் எப்படி?
இந்த வயோமிங் வெளியில் மறைவென்றால்
முழங்கால் உயரச் சேஜ் புதர்,
கம்பிவேலி, கம்பியின் நிழல்,
பனிக்காலமெல்லாம் நான் பனிவாரி ஓட்டும் சாலை.
மலை இருக்கிறது,
அறுபது மைல் தள்ளி.

இருமலுக்கு அளப்பதுபோல்
மருந்தை அளந்து குழலில் ஊற்றினேன்.
எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டு.
கோலால் இடித்து இறக்கியதும்
கையில் தெரிந்தது அடி.
செப்புத் தொப்பி.
குதிரை பாதி ஏறி நின்றது.

நானூறு கஜம், இரண்டு மணி நேரம்.
வயிற்றால் நடந்தேன்.
முழங்கையில் சப்பாத்திக்கள்ளி,
அதைப் பிடுங்கப் போன விரலிலும் சப்பாத்திக்கள்ளி.
அவை குனிந்தால் நகர்வேன்,
நிமிர்ந்தால் நான் ஒரு கல்,
ஆரஞ்சுத் தலை வைத்த கல்.

எண்பது கஜத்தில் கிடா பக்கவாட்டில் நின்றான்.
விசையை அழுத்தினேன்.
டிக்.
அவ்வளவுதான்.

சில நேரம் மருந்து
யோசித்துவிட்டு வெடிக்கும்.
குழலை அசைக்காமல்
அறுபது எண்ண வேண்டும்.

ஒன்பதில் தலை திருப்பினான்.
பதினேழில் மூக்கால் சீறினான், ஒருமுறை,
பின்புறத்து வெள்ளை மயிர் பூவாய் விரிந்தது.
ஓடவில்லை.
என்னை நோக்கி நடந்தான்.
நடந்தான், நின்றான், நடந்தான்.
முப்பத்தொன்றில்
கன்னத்துக் கரும்பட்டை தெரிந்தது.
நாற்பதை இரண்டு முறை எண்ணினேன்.
ஐம்பத்தைந்தில் என் உதட்டில் ஒரு ஈ.
அவன் கண் அருகே இன்னொரு ஈ,
அவனும் அதை விரட்டவில்லை.

அறுபது.
இன்னும் ஐந்து, எதற்கும்.
ஊசியால் துளையைக் குத்தி
புதுத் தொப்பி பொருத்தினேன்.
குதிரை ஏறும் சத்தத்துக்குக்கூட
அவன் காதை மட்டும்தான் அசைத்தான்.

வெடித்தது.

காற்று ஓயாத இந்த மாவட்டத்தில்
அன்றைக்கென்று காற்று இல்லை.
என் முன்னே வெள்ளைச் சுவராய்ப் புகை,
நகரவே மறுத்தது.
அதற்கப்பால் குளம்புகள் ஓடின.
காதால் கணக்குப் போட்டேன்.
ஆறு என்றும் கேட்டது,
ஏழு என்றும் கேட்டது.

புகை கலைந்தபோது
அவன் படுத்திருந்தான்.
கால்கள் மட்டும்
கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றன.
ஆறும் இருநூறு கஜத்தில் திரும்பி
புகையைப் பார்த்துக்கொண்டு நின்றன,
என்னை அல்ல, அவனையும் அல்ல.

வெயில் ஏறுமுன் வயிறு கீறி
உள்ளே இரண்டு மூட்டை ஐஸ் திணித்தோம்.
கொம்பைப் பிடித்துக்கொண்டே வென்டல் கேட்டான்:
"முதல் தொப்பி ஏமாற்றியதும்
அத்தனை நேரம் என்னதான் செய்தாய்?"
எண்ணினேன் என்றேன்.
"என்ன?"
அவனுக்குப் பதில் சொல்வதற்குள்
கத்தி வழுக்கியது, கவனித்தேன்.

இரவு சமையலறைத் தொட்டியில்
கொதிநீரும் சோப்பும் ஊற்றிக் குழலைக் கழுவினேன்.
அழுகிய முட்டை நாற்றம்.
முதல் நீர் கறுப்பு,
இரண்டாவதும் கறுப்பு,
ஐந்தாவது ஓரளவு.

சட்டைப் பையில்
வெடிக்காத தொப்பி, நெற்றி நசுங்கியது.
எடுத்து வைக்கவில்லை,
எறியவும் இல்லை.
சன்னல் விளிம்பில் கிடக்கிறது,
வண்டிச் சாவிக்குப் பக்கத்தில்.