பதினேழாம் எண்

ஆண்ட்வெர்ப்பில் எனக்குக் கோட்டு வாங்கி வைக்கும் வேலை.
மாதக் கடைசி ஞாயிறு, துறைமுகத்துப் பழைய கிடங்கில்
எம்புயி அக்கா நடத்தும் ஆட்ட ராத்திரி.
கின்ஷாசாக்காரர்கள், டக்கார்க்காரர்கள், அக்ராவிலிருந்து ஒரு நர்ஸ் கூட்டம்.
வெளியே பனி, உள்ளே வேர்வை,
நடுவில் நான்.
கோட்டை வாங்கி டோக்கன் கொடுப்பேன்.
ஏழு குளிர்காலம்
இருநூறு ஈரக் கம்பளிக்குப் பின்னால் நின்று
கித்தாரைக் காதால் மட்டும் பார்த்தேன்.

"நீயும் ஆடேன்" என்பாள் அக்கா.
"கோட்டை யார் பார்ப்பது?" என்பேன்.
நான் ஊர் திரும்பும்போது கிடங்கை இடிக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.
ஒரு ஹார்டு டிஸ்க்கும்
நூறு பித்தளை டோக்கனும் தந்து அனுப்பினாள்.

பாம்பனில் கோட்டு ஏது?
செருப்பை வாங்கி வைக்கிறேன்.
"மீன்துறை டோக்கனா அக்கா, இதைக் காட்டினா டீசல் கிடைக்குமா?"

ஐஸ் கம்பெனி முற்றத்தில்
பப்பரப்புளி மரத்தோடு பாக்ஸைக் கட்டினோம்.
முதல் மாதம் வந்தது ஆறு பேர்.
ஐஸ் உடைக்கிறவர்கள் மூவர்,
ஒயர் பார்க்க வந்த மின்வாரியத்து ஆள்,
பர்மிஷன் கேட்க வந்த கான்ஸ்டபிள்.
ஆறாவது நான்.

இரண்டாம் மாதம் நண்டுக் கம்பெனிப் பெண்கள்
ஷிப்டு முடிந்து நேராக வந்தார்கள்,
நகக்கண்ணில் நண்டு வாசத்தோடு.
சொல்லிக் கொடுத்தேன்:
பாட்டு முதலில் மெதுவாக நடக்கும்,
யாரோ யாரிடமோ கடன் திருப்பிக் கேட்பது போல.
அவசரப்படாதீங்க.
பாதியில் பேச்சு நின்றுபோகும்,
மூன்று கித்தார் ஒன்றையொன்று துரத்தும்.
அதுக்குப் பேர் செபென்.
"செபமா?" என்றாள் தஸ்நேவிஸ்.
முனீஸ்வரி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு,
"இது சோழகம்டீ. ஏறுது பாரு" என்றாள்.
அன்றிலிருந்து இங்கே அதன் பேர் சோழகம்.

விசைப்படகுக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள்.
"தரை ஆடினா நாங்க நிப்போம்.
தரை நிக்குதே, எப்படி ஆடுறது?"
மூன்றாம் பாட்டில் நின்ற தரையை மன்னித்துவிட்டார்கள்.

பத்து மணிக்குள் நிறுத்த வேண்டும்.
ஒன்பதே முக்காலுக்குப் பங்குச் சாமியார் வாசலில் சைக்கிளோடு நிற்பார்,
முகத்தில் கண்டிப்பு.
பெடல் மட்டும் பின்பக்கமாக,
தாளம் தப்பாமல் சுற்றும்.

அக்டோபரில் நடத்தவில்லை.
நாலு படகு திரும்பவில்லை, எல்லை தாண்டினதாகச் செய்தி.
பாக்ஸைத் தார்ப்பாயால் மூடினேன்.
நவம்பரில் அந்த வீட்டுப் பெண்கள் வந்தார்கள்.
ஆடவில்லை.
மெதுவான பாதியை மட்டும் போடு,
சோழகம் ஏறுமுன் நிறுத்து, என்றார்கள்.
நிறுத்தினேன். மறுபடி போட்டேன்.
மறுபடி நிறுத்தினேன்.
மழை தூறியது, யாரும் எழுந்து போகவில்லை.

தையில் மூன்று படகின் ஆட்கள் விடுதலையாகி வந்தார்கள். படகுகள் வரவில்லை.

போன ஞாயிறு முனீஸ்வரி என் கையைப் பிடித்து இழுத்தாள்.
"செருப்பை யார் பார்ப்பது?"
"திருடினா திருடட்டும். நாளைக்கு ஊர்க் காலெல்லாம் பார்த்தாப் போச்சு."
ஆடினேன்.
காதுக்குத் தெரிந்தது முழங்காலுக்குத் தெரியவில்லை.
பக்கத்தில் ஆடியவனை இரண்டு முறை மிதித்தேன்,
அவன் சிரித்தான்,
பேர் கேட்கத் தோன்றவில்லை.

ஜெனரேட்டர் அடங்கிய பிறகு
எண்ணிப் பார்த்தால் ஒரு ஜோடி மிச்சம்.
பதினேழாம் எண்.
நீல ரப்பர், இடது குதிகால் தேய்ந்தது.

விடிகாலை ஐந்துக்குப் படகுகள் போய்விட்டன.
வெறுங்காலோடு யாரோ ஒருவன்
என் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
கடலில் இருக்கிறான்.
செருப்பை ஐஸ் கம்பெனிப் பரண்மேல்
மழை படாமல் எடுத்து வைத்திருக்கிறேன்.