பட்டியலில் விட்டது

தீவனக் கடை ரசீதின் முதுகில்
ஆரின் எழுதிக்கொண்டிருக்கிறான், மொட்டைப் பென்சிலால்:
விளக்கு நான்கு.
தண்ணீர் பம்பு.
ஹீட்டரின் விசிறி (பெரிய திருடன் அதுதான்).
இரண்டு போன், அந்தப் பாழாய்ப்போன ரேடியோ.
எதிரே ஆம்பியர் கணக்கு, கீழே ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே நாற்பத்தேழு.

முப்பத்தொரு வருஷம் வயோமிங் முழுக்க
சரக்கு ரயிலோடு போய் வந்தவன்.
கூட்டல் தப்பாது.

ராலின்ஸ் கடைப் பையன் தெயின்
முதலில் ஈய பேட்டரியைக் காட்டினான்.
மலிவு. குளிருக்கு முறைக்காது.
அறுபத்திரண்டு பவுண்டு.
நூறு என்று மேலே ஒட்டியிருக்கும்,
ஐம்பதுதான் எடுக்கலாம்.
மீதியைத் தொட்டால் அதன் ஆயுசில் கை வைக்கிறீர்கள்.

பாதிக் கிணறு தாண்டவா இவ்வளவு பாரம் என்றேன்.
தெயின் சிரித்தான். ஆரின் சிரிக்கவில்லை.
"ஐம்பதில் நாற்பத்தேழு போனால் மூன்று மிச்சம்" என்றான்,
ஏதோ சொத்து வாங்கியவன் போல.

அடுத்தது லித்தியம். விலை இரண்டு மடங்கு.
எடை ஒரு வயதுப் பிள்ளையின் எடை.
அடிவரை வழித்து எடுத்துக்கொள்ளலாம்,
ஆனால் உறைகுளிரில் சார்ஜ் ஏறாது,
அதைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.
"இன்னொன்று மேடம்" என்றான் தெயின்.
"ஈயம் மங்கி மங்கிச் சாகும், முன்கூட்டியே தெரிந்துவிடும்.
இது கடைசி நிமிஷம் வரை நன்றாகத்தான் இருக்கும்.
அப்புறம் இருக்காது."

ஆரினின் அண்ணன் ஹால்வர் அப்படித்தான் போனான்,
தூக்கத்தில்.
நாங்கள் இருவரும் விலைச்சீட்டைப் பார்த்தோம்.

பிறகு நான் ரசீதை வாங்கிப் படித்தேன்.
திருப்பிப் படித்தேன்.
ரேடியோ இருக்கிறது.
ராத்திரி இவன் முகத்தில் மாட்டிக்கொள்ளும்
மூச்சு மெஷின் இல்லை.
அதைப் பற்றி மூச்சே விடவில்லை மனுஷன்.

"நாலு ராத்திரிதானே, லவோன்.
அது இல்லாமல் தூங்கிப் பழகியவன்தானே நான்."

பழகியது நான்.
டாக்டர் அந்த மெஷினைத் தருவதற்கு முந்தைய குளிர்காலம்
இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு,
லெவல் கிராசிங்கில் நின்று பெட்டி எண்ணுகிற பிள்ளை மாதிரி,
பதினொன்று, இருபத்திரண்டு, முப்பத்துநான்கு...
கடைசிப் பெட்டி எங்கே என்று தெரியாமல்
எண்ணியது நான்.

பென்சிலைப் பிடுங்கி, கோட்டுக்குக் கீழே எழுதினேன்:
மூச்சு, நாற்பது.
எண்பத்தேழு.

தெயின் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தான்,
துடைத்த இடத்தையே.
லித்தியத்தை நானே தூக்கிக்கொண்டு போய்
வண்டியில் வைத்தேன். உண்மையிலேயே பிள்ளை எடைதான்.

ரெட் டெசர்ட். அக்டோபர்.
கண்ணுக்கெட்டிய தூரம் சேஜ் புதர்,
அதற்கப்பால் இன்னும் கொஞ்சம் சேஜ் புதர்.
டிரெய்லரின் மூக்கில், வெளியே, பழைய பேட்டரி இருந்த பெட்டியில்
இப்போது வெறும் துரு.
புதியது உள்ளே, கட்டிலுக்கு அடியில்,
ஆரினின் பூட்ஸ் இருந்த இடத்தில்.
பூட்ஸ் கதவோரம் போய்விட்டதில்
அவனுக்கு இன்னமும் வருத்தம்.

ராத்திரி மூன்று மணி. வெளியே உறைநிலைக்குக் கீழே ஏழு.
முகமூடிக்குள் ஆரின்,
எங்கோ உயரத்தில் விமானம் ஓட்டுகிறவன் போல.
மெஷின் இழுக்கிறது, விடுகிறது.
கழுத்து நீட்டிச் சின்னத் திரையைப் பார்க்கிறேன்:
ஐம்பத்தாறு சதவீதம்.
திருடன் உறுமிக்கொண்டு எழுகிறான்.
ஐம்பத்தைந்து.

விடிய இன்னும் நாலு மணி நேரம்.
சூரியத் தகட்டில் வெயில் விழ அதற்கும் மேல்.
கணக்குப்படி போதும்.
தாராளமாகவே போதும்.

எழுந்து போய் ஹீட்டரைத் தணித்தேன்.
அவன் மேல் என் கம்பளியையும் போட்டேன்.
இன்னொரு ஜோடி காலுறை, அதற்கு மேல் அவனுடையது.

காலையில் முகத்தில் பட்டைத் தடத்தோடு கேட்டான்:
"ராத்திரி குளிரடித்ததா?"

இல்லையே என்றேன்.
சொல் வெள்ளையாக வெளியே வந்து
எங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றது.