உம் கொட்டுகிறவன்

ரீட்லிங்கனுக்குப் பக்கத்து ஊர்த் தீயணைப்புக் கூடம்.
வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுத்
தரையைக் கழுவி நீள மேசை போட்டிருக்கிறார்கள்.
டீசல் வாசம் போகவில்லை.
வறுத்த வெங்காயம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

என் மடியில் பத்துக் கிலோ பித்தளை.
நாலு வால்வு, இரண்டு சொட்டை.
ஒன்று, எனக்கு முன்னிருந்த அலோயிஸ்
படிக்கட்டில் போட்டது.
மற்றதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

அலோயிஸுக்கு இடுப்பு மாற்றினார்கள்.
நாற்காலி மூன்று மாதம் சும்மா கிடந்தது.
நான் அப்போது வேன் மட்டும்தான் ஓட்டினேன்.
"மூச்சு இருக்கிறதா?" என்றான் கெப்ஹார்ட்.
இருக்கிறது என்றேன்.
முடிந்தது நேர்முகத் தேர்வு.

போல்காவில் எனக்கு வாய்த்தது இரண்டே ஸ்வரம்:
ச. கீழே ப. ச. கீழே ப.
என் இரண்டு அடிக்கு நடுவே
ரோஸ்விதாவின் அக்கார்டியன் மூக்கை நுழைக்கும்.
மேலே, வெகு மேலே,
ஓட்மார் கிளாரினெட்டில் குருவி விரட்டிக்கொண்டிருப்பார்.
கைதட்டல் குருவிக்கு.

"அப்ப நீ அங்க ஒத்து ஊதுறியோ?"
தொலைபேசியில் மச்சான் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
வைத்தபிறகு கொஞ்சம் குடைந்தது.
ஒத்துக்காரன் மூச்சு வாங்குவது தெரியக்கூடாது.
நான் வாங்கினால்தான் பாட்டு.
என் வேலையில் பாதி
ஊதாமல் இருப்பது.

இது ஒத்து இல்லை மச்சான்,
உம் கொட்டுவது.
ஒருவர் கதை சொல்ல
இருட்டில் ஒருவர் உம், உம் என்பாரே, அது.
உம் சொல்பவருக்குக் கதையில் பங்கில்லை.
ஆனால் உம் நின்றதும்
ராஜகுமாரன் பாதிப் பாலத்தில் நின்றுவிடுவான்.

பத்து மணிக்குமேல் ட்யூபாவைக் கிடத்திவிட்டு
பாஸ் கித்தார் மாட்டுவேன்.
ஃபாக்ஸ்ட்ராட், சா-சா-சா,
பிறகு ஒட்டிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கு மெதுவாக ஒன்று.
உதடு ஓய்வெடுக்கும், நடுவிரல் கொப்புளிக்கும்.

நேற்று பத்தாக இன்னும் இருபது நிமிடம்.
டிரம்காரன் பீர் இறக்கிவைக்கப் போயிருந்தான்.
பக்கத்தில் ஒரு தகப்பன், தோளில் குழந்தை,
அதன் கால் எனக்கேற்றபடி உதைத்துக்கொண்டிருந்தது.
உதைத்த உதையில்
இடது சப்பாத்து கழன்று
ட்யூபாவின் வாய்க்குள் விழுந்தது.

ச என்றேன்.
இருமும் மாடு ஒன்று வந்தது.
ப என்றேன்.
வெறும் காற்று.

அப்போதுதான் பார்த்தேன்,
நாற்பது ஜோடியும்
ஒரு காலைத் தூக்கியபடி
இறக்க இடம் தெரியாமல் நின்றதை.
இறைச்சிக்கடை ஹெடி
என் பக்கம் இதுவரை ஒருமுறைகூடத் திரும்பாதவள்
திரும்பினாள்.
குருவியும் கிளை தெரியாமல் ஒரு சுற்றுச் சுற்றி
இறங்கிவிட்டது.

ரோஸ்விதா தோளால் இடித்தாள்.
அவளுடைய ஷ்வேபிய வழக்கில் என்னவோ கேட்டாள்.
என் காதில் விழுந்தது:
"நித்திரையோ?"

தலைகீழாகக் கவிழ்த்து உலுக்கினேன்.
ஒரு மாலைப்பொழுதின் எச்சில் நீர் முழுக்க என் கால்சட்டையில்.
பிறகு சப்பாத்து.
சிவப்பு. இருபத்திரண்டாம் அளவு.
ஒட்டுப்பட்டியில் கொஞ்சம் கடுகுச் சாறு.

நிமிர்த்தி, மூச்சிழுத்து
உம்
என்றேன்.

தூக்கிய கால்கள் இறங்கின.

சப்பாத்தை மைக் கம்பியில் மாட்டிவைத்தோம்.
யாரும் கேட்டு வரவில்லை.
நள்ளிரவில் வேனைக் கழுவித் தந்தால் போதும் என்று
கெப்ஹார்ட் இன்னும் என்னிடம் சொல்கிறான்,
நான் ஓட்டி மட்டுந்தான் என்பதுபோல.
கழுவவில்லை.
முன் கண்ணாடியில் அது தொங்குகிறது;
ஒவ்வொரு வளைவிலும்
கொஞ்சம் பிந்தி ஆடுகிறது.