சுரைக்காய்க்கு வரி

ஃப்ரீமாண்டில் இரண்டு நாளாக மழை.
சித்திரை ஒன்று, ஞாயிறு. நாளை ஏப்ரல் பதினைந்து.
சாப்பாட்டு மேசையில் மாங்காய்ப் பச்சடி,
பக்கத்தில் படிவம் 6251,
அதன் ஓரத்தில் வெல்லப்பாகு ஒரு சொட்டு.

தம்பி அனுப்பிய பஞ்சாங்கப் பக்கத்தில்
என் ராசிக்கு ஆதாயம் இரண்டு, விரயம் பதினொன்று.
பிறந்திருக்கும் வருஷத்தின் பெயர் குரோதி.
பொருத்தம்தான்.

போன வருஷம் மார்ச்சில்
கம்பெனி எனக்கென்று ஒதுக்கியிருந்த பங்குகளை,
பன்னிரண்டாயிரம்,
ஒன்று இரண்டு டாலர் என்று வாங்கினேன்.
அன்றைக்குச் சந்தையில் அதன் விலை பதினேழு.
சேமிப்பிலிருந்து இருபத்துநாலாயிரம் போனது.
விற்கவில்லை.
ஒரு வருஷம் வைத்திருந்தால் வரி குறையும் என்றார்கள்.
பொறுத்தார் பூமியாள்வார் என்று நானும் படித்திருக்கிறேன்.

வழக்கமான கணக்கு
அந்தப் பங்குகள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை.
சம்பளம் ஒன்றரை லட்சம்,
எல்லோருக்கும் தரும் கழிவு போக
வரி இருபத்தாறாயிரத்து எழுபத்தாறு.
சம்பளத்திலேயே பிடித்தாயிற்று.
நிம்மதியாக ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

பிறகுதான் இரண்டாவது கணக்கு.
முதல் கணக்கு மறந்ததையெல்லாம்
ஞாபகம் வைத்திருக்கும் கணக்கு.
பங்குக்குப் பதினைந்து டாலர் லாபம், பன்னிரண்டாயிரம் பங்கு:
ஒரு லட்சத்து எண்பதாயிரம் நான் சம்பாதித்தேனாம்.
எங்கே என்றால், ஏட்டில் என்கிறது.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று
இந்த ஊர் வரி அலுவலகத்துக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
அது காயை எடை போட்டது.
கொடுத்த கழிவைத் திரும்பப் பிடுங்கியது.
சம்பளத்தோடு கூட்டி மூன்று லட்சத்து முப்பதாயிரம் என்றது.
போனால் போகிறதென்று
எண்பத்தோராயிரத்து முந்நூறை விலக்கிவிட்டு
மீதியில்
இரண்டு லட்சத்து இருபதாயிரத்து எழுநூறு வரை
நூற்றுக்கு இருபத்தாறு,
அதற்கு மேல் இருபத்தெட்டு.

அறுபத்தைந்தாயிரத்து இருநூற்று இருபத்திரண்டு.

இரண்டில் எது பெரிதோ அதுதான் என் வரி.
பெரியதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்
குறைந்தபட்ச வரி.
மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.
இன்னும் கட்ட வேண்டியது
முப்பத்தொன்பதாயிரத்து நூற்று நாற்பத்தாறு.

பங்கு வெள்ளிக்கிழமை மூன்று டாலரில் முடிந்தது.
அத்தனையும் விற்றால் முப்பத்தாறாயிரம்.
காயையே கொடுத்தாலும்
காய்க்கான வரிக்கு இன்னும் மூவாயிரத்துச் சொச்சம்
கையிலிருந்து போட வேண்டும்.

லியென் என்னோடு அதே நாளில் வாங்கியவள்.
டிசம்பர் இருபத்தொன்பதில் விற்றுவிட்டாள், பதினாறுக்கு.
வருஷம் முடியுமுன் விற்றால்
இரண்டாவது கணக்கு வாயை மூடிக்கொள்ளும்.
முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.
"எது?" என்றாள்.
"கூரை ஒழுகியது. வாளி நிரம்பிவிட்டது. விற்றேன்."

கட்டுவது மொத்தமும் போய்விடாதாம்.
வரும் வருஷங்களில்
இரண்டாவது கணக்கு முதலாவதைவிடச் சிறுத்திருந்தால்
அந்த இடைவெளி அளவுக்குத் தள்ளித் தருவார்கள்,
வேறொரு படிவத்தில்,
ஆண்டுக்கு எட்டாயிரம் போல.
வேலை இருந்தால். சம்பளம் இப்படியே இருந்தால்.
விரல் விட்டு எண்ணினேன், ஐந்து வருஷம்.
கடைசித் தவணை கைக்கு வரும்போது
என்ன வருஷம் பிறந்திருக்கும் என்று
தம்பியின் பக்கத்தில் தேடினேன்.
சௌமிய.
சாந்தம் என்று அர்த்தம்.
குரோதியிலிருந்து அங்கே போய்ச் சேர
நடுவில் நான்கு பெயர்கள்.

கையெழுத்துப் போடப் போகையில் லியெனிடமிருந்து ஒரு படம்:
புதுக் கூரை, அதே மூலை, அதே வாளி.

சண்முகவடிவு என்று முழுதாக எழுதினேன்,
கட்டத்தைத் தாண்டிப் போனது, போகட்டும்.
ஆறிப்போன பச்சடியில்
வேப்பம்பூவை ஒதுக்காமல் சாப்பிட்டேன்.